1.96 எல்லா இடத்துக்கும் பொருந்துமா? – வாசகர் கேள்வி பதில்

புள்ளியியல் குறித்து வந்திருக்கும் கடிதங்கள் இம்முறை பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மாதிரியைக் கொண்டு உண்மையான சராசரி எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று மதிப்பிடும் நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிடும்போது, மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழையை ஓர் எண்ணால் பெருக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் ‘கிரிட்டிக்கல் வேல்யூ’ என்று சொல்லப்படும் அந்த எண்ணை எந்த அட்டவணையில் தேடுவது, கிடைத்த எண் சரியானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதையே பலரும் கேட்டிருக்கிறார்கள். தமிழில் இதற்குத் தீர்வுகட்ட மதிப்பு, மாறுநிலை மதிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்குகின்றன. இங்கே தீர்வுகட்ட மதிப்பு என்ற பெயரையே கையாள்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளிக்கு 1.96 என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் என் புத்தகத்தின் அட்டவணையில் 0.95ஐத் தேடினால் 1.64க்கும் 1.65க்கும் நடுவில் போய் நிற்கிறது. தோழியின் புத்தகத்திலோ 0.95 என்ற எண்ணே இல்லை. நான் எங்கே தவறுகிறேன்? (இளநிலை மாணவி, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் அட்டவணையைப் பார்த்த முறையில் பிழையில்லை; தேடிய எண்தான் வேறு. 95 விழுக்காடு என்பது மணி வடிவ வளைகோட்டின் நடுப்பகுதியில் நாம் அடைக்க விரும்பும் பரப்பு. எஞ்சிய 5 விழுக்காடு ஒரே பக்கத்தில் கிடப்பதில்லை. இடது முனையில் 2.5, வலது முனையில் 2.5 எனச் சரிபாதியாகப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே வலப்பக்க எல்லைக்கு இடப்புறம் இருக்கும் மொத்தப் பரப்பு, நடுவில் உள்ள 95 விழுக்காடும் இடது முனையின் 2.5 விழுக்காடும் சேர்ந்த 97.5 விழுக்காடு ஆகும். நீங்கள் தேடியிருக்க வேண்டியது 0.9750. உங்கள் அட்டவணையில் இடது ஓரத்தில் 1.9 என்ற நிரையைப் பிடித்து, மேலே 0.06 என்ற நிரல் வரைக்கும் விரலை நகர்த்திப் பாருங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 0.9750 என்று அச்சிட்டிருக்கும். 1.9உம் 0.06உம் சேர்ந்ததுதான் 1.96.

தோழியின் புத்தகத்தில் இருப்பது வேறு வகை அட்டவணை. அது வளைகோட்டின் நடுக்கோட்டிலிருந்து வலப்புறமாக மட்டும் பரப்பை அளக்கிறது. ஆகையால் அதில் எந்த எண்ணும் 0.5ஐ எட்டாது. அங்கே 95 விழுக்காட்டில் பாதியான 0.4750ஐத் தேட வேண்டும். அதுவும் அதே கட்டத்தில்தான் இருக்கும். எந்த அட்டவணை கைக்கு வந்தாலும், அதன் தலைப்பில் வரைந்திருக்கும் சிறிய படத்தில் எந்தப் பகுதிக்குக் கோடிட்டு நிழல் தந்திருக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நான் திருத்திய விடைத்தாள்களில், சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு இந்த ஓரிடத்தில் மட்டும் தவறி, 95 விழுக்காடு என்று எழுதி 90 விழுக்காட்டு இடைவெளியைத் தந்தவர்கள் மிகப் பலர். ஏனெனில், நீங்கள் கண்ட 1.645 என்பது பொருளற்ற எண் அன்று. 90 விழுக்காட்டு இடைவெளிக்கு உரிய தீர்வுகட்ட மதிப்பு அதுவே. நடுவில் 90 இருந்தால் முனைக்கு 5. இடப்புறம் மொத்தம் 95.

99 விழுக்காட்டுக்கு 0.9950ஐத் தேடினால் 2.57இல் 0.9949உம் 2.58இல் 0.9951உம் இருக்கும். சில நூல்கள் 2.58 என்று முழுமைப்படுத்துவதும், சில 2.576 என்று நுட்பமாகத் தருவதும் இதனால்தான். இரண்டில் எதை எழுதினாலும் பிழை என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: மாதிரி அளவு 30க்கு மேல் என்றால் இசட் (1.96 வரும் இயல்நிலை அட்டவணை), 30க்குக் கீழ் என்றால் டி (சிறிய மாதிரிகளுக்கான அட்டவணை) என்று சொல்லித் தந்தார்கள். என் ஆய்வில் பத்தே அளவீடுகள்தான். டி அட்டவணை 2.262 என்கிறது. அதைப் போட்டால் இடைவெளி விரிந்து, முடிவு வலுவற்றுத் தெரிகிறது, 1.96ஐயே போட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். போட்டால் என்ன? (ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: போட்டால், 95 விழுக்காடு என்று நீங்கள் எழுதும் வாக்கு பொய்யாகிவிடும். பத்து அளவீடுகளிலிருந்து, அவற்றின் சிதறலை அளக்கும் திட்ட விலக்கத்தையும் மதிப்பிட்டு, பிறகு 1.96ஆல் பெருக்கிப் பெறும் இடைவெளி, நீண்ட காலப் போக்கில் உண்மையான சராசரியை உள்ளடக்குவது சுமார் 91.8 விழுக்காடு முறைகளில்தான். ஐந்தே அளவீடுகள் என்றால் அது 87.8 விழுக்காடாக இறங்கிவிடும். நண்பர்கள் சொல்வதுபோல் முடிவு வலுப்பெறுவதில்லை. நாம் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவே.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து கணக்கிட்டவர் டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவடிப்பகத்தில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று 1899இல் அங்கே சேர்ந்த அவருக்கு, பார்லியையும் ஹாப்ஸையும் குறித்த சோதனைகளில் கிடைத்தவை எப்போதும் நான்கோ, ஆறோ, பத்தோ அளவீடுகள் மட்டுமே. அன்றைய புள்ளியியல் முறைகள் பெரிய மாதிரிகளுக்காக எழுந்தவை. மாதிரி சிறிதாக இருக்கும்போது சராசரி மட்டுமல்லாமல் திட்ட விலக்கமும் மாதிரிக்கு மாதிரி தள்ளாடுகிறது என்பதும், அந்தத் தள்ளாட்டத்தையும் கணக்கில் சேர்த்தால் முனைகள் தடிக்கின்றன என்பதும் அவர் கண்டறிந்தவை. நிறுவனம் தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை அனுமதிக்கவில்லை. எனவே 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. மாணவர் டி என்று நாம் சொல்வது அந்தப் பெயரைத்தான். பின்னாளில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதற்கு முறையான நிறுவலைத் தந்து, அட்டவணையில் எந்த நிரையைப் பார்ப்பது என்று சொல்லும் சுதந்திரப் பாகை என்ற கருத்தை நுழைத்து, இன்று நம் கையில் உள்ள அட்டவணை வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

உங்களுடையதைப் போலவே பத்து அளவீடுகள் கொண்ட எடுத்துக்காட்டு ஒன்று காசெட்டின் கட்டுரையிலேயே இருக்கிறது. அதைக் கையால் செய்து பார்த்துவிடுவது நல்லது. குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர் 1905இல் வெளியிட்ட தூக்க மருந்துச் சோதனையிலிருந்து அவர் எடுத்தது அது. பத்து நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளும் வெவ்வேறு நாள்களில் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு மருந்தாலும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறிக்கப்பட்டது. இரண்டாம் மருந்து தந்த கூடுதல் தூக்கத்திலிருந்து முதல் மருந்து தந்ததைக் கழித்தால் கிடைக்கும் பத்து வித்தியாசங்கள் இவை: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58 மணி. ஒன்பதால் வகுத்துப் பெறும் திட்ட விலக்கம் 1.23. அதை √10ஆல் வகுத்தால் திட்டப்பிழை 0.389.

இனித் தீர்வுகட்ட மதிப்பு. மொத்தம் இருபது எண்கள் இருக்கின்றனவே என்று சுதந்திரப் பாகையை 18 என்று எடுத்துவிடக் கூடாது. ஒரே நோயாளியின் இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அவற்றை வித்தியாசமாக மாற்றிய பிறகு நம்மிடம் இருப்பவை பத்து எண்கள். அவற்றின் சராசரியை அந்தப் பத்து எண்களிலிருந்தே கணக்கிட்டதால், சராசரியிலிருந்து விலகும் பத்து விலகல்களின் கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும் என்ற கட்டுப்பாடு விழுந்துவிடுகிறது; ஒன்பது விலகல்கள் தெரிந்தால் பத்தாவது தானே தெரிந்துவிடும். எனவே சுதந்திரப் பாகை 9. டி அட்டவணையில் 9 என்ற நிரையில், ஒருமுனைப் பரப்பு 0.025 என்றோ இருமுனைப் பரப்பு 0.05 என்றோ தலைப்பிட்ட நிரலில் 2.262 நிற்கும். 2.262 × 0.389 = 0.88. இடைவெளி 0.70 மணியிலிருந்து 2.46 மணி வரை. 1.96ஐப் போட்டிருந்தால் 0.82 முதல் 2.34 வரை என்று வந்திருக்கும். 99 விழுக்காடு வேண்டுமென்றால் அதே நிரையில் 3.250, இடைவெளி 0.32 முதல் 2.84 வரை விரியும்.

எண்களை இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் நோயாளியின் 4.6 மற்றவற்றிலிருந்து விலகித் தனியே நிற்கிறது. அந்த ஒருவரை நீக்கிக் கணக்கிட்டால் சராசரி 1.24ஆகவும், சுதந்திரப் பாகை 8க்குரிய 2.306ஐக் கொண்டு இடைவெளி 0.74 முதல் 1.75 வரையாகவும் மாறிவிடும். அவரை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; காரணமின்றி ஓர் அளவீட்டை நீக்குவது, 1.96ஐப் போடுவதைவிடப் பெரிய தவறு. டி மதிப்பு சரியாக வேலை செய்ய, அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவையாகவும், அவை வந்த முழுமைத் தொகுதி ஏறத்தாழ மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகவும் இருக்க வேண்டும். பத்து அளவீடுகளில் ஒன்றே இவ்வளவு ஆட்டிவைக்குமானால், அட்டவணையின் மூன்றாம் தசமத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அந்த அளவீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். உங்கள் பத்து அளவீடுகளையும் ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாக வைத்துப் பார்த்துவிட்டீர்களா?

30 என்ற எல்லையைப் பற்றி: அது கணிதம் வகுத்த கோடு அன்று, அட்டவணை அச்சிட்ட காலத்துச் சலுகை. முப்பது அளவீடுகளுக்கு, அதாவது சுதந்திரப் பாகை 29க்கு, மதிப்பு 2.045. 60க்கு 2.000. 120க்கு 1.980. மெல்ல மெல்ல 1.96ஐ நோக்கி இறங்குகிறதே தவிர, முப்பதில் எதுவும் முறிவதில்லை. முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கம் முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் இசட். மாதிரியிலிருந்து மதிப்பிட்டிருந்தால் டி. சராசரிகளைப் பொறுத்தவரை இதுவே என் பரிந்துரை. கணினி கையில் இருக்கும் காலத்தில், டி மதிப்பைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எனக்குச் சுதந்திரப் பாகை 47. அட்டவணையில் 40க்குப் பிறகு 60தான் இருக்கிறது. தேர்வில் என்ன செய்வது? (மதுரை)

பதில்: குறைந்த பாகையான 40இன் நிரையை எடுங்கள், 2.021. உண்மையான மதிப்பு 2.012. சற்றே அகலமான இடைவெளி கிடைக்கும். அதனால் வாக்குத் தவறாது. 60ஐ எடுத்தால் இடைவெளி தேவைக்குக் குறைவாகச் சுருங்கும்.

கேள்வி: எக்செலில் ஒரே கணக்குக்கு மூன்று விடைகள் வருகின்றன. 0.05, 9 என்று கொடுத்தால் ஒரு சார்பு 2.262 தருகிறது; இன்னொன்று கழித்தல் குறியோடு 1.833 தருகிறது. 0.975 கொடுத்தால்தான் இரண்டாவதிலும் 2.262 வருகிறது. எதை நம்புவது? (தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஊழியர், ஓசூர்)

பதில்: மூன்றும் சரியான விடைகளே, கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. டி.இன்வ்.2டி என்ற சார்பு நீங்கள் தரும் 0.05ஐ இரு முனைகளுக்கும் சேர்த்த பரப்பாக எடுத்துக்கொண்டு, தானே பாதியாக்கி 2.262 தருகிறது. டி.இன்வ் என்ற சார்போ இடது முனையிலிருந்து பரப்பை அளக்கிறது. அதனிடம் 0.05 கொடுத்தால், தனக்கு இடப்புறம் 5 விழுக்காடு மட்டுமே இருக்கும் புள்ளியைத் தேடித் தருகிறது. அது வளைகோட்டின் இடப்பாதியில் இருப்பதால் கழித்தல் குறி வருகிறது. 0.975 கொடுக்கும்போது, முதல் கேள்வியில் பார்த்த அதே கணக்கின்படி, வலப்பக்க எல்லை கிடைக்கிறது. குழப்பத்தை மேலும் கூட்டுவது, புள்ளியில்லாமல் எழுதப்படும் பழைய டிஇன்வ் சார்பு, பெயரில் டி.இன்வ் போலத் தோன்றினாலும் அது இருமுனைப் பரப்பையே எடுத்துக்கொள்கிறது. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, பெயரில் ஒரு புள்ளியைச் சேர்த்துப் புதுப்பித்துவிட்டதாக நினைப்பவர் கையில், 2.262 இருந்த கட்டத்தில் −1.833 வந்து உட்கார்ந்துவிடும். இசட் மதிப்புக்கான நார்ம்.எஸ்.இன்வ் இடது முனையிலிருந்தே அளக்கிறது, அதற்கும் 0.975 கொடுக்க வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதுவோருக்கு க்யூநார்ம், க்யூடி ஆகிய இரண்டும் அப்படியே.

எந்த மென்பொருளானாலும், வேலையைத் தொடங்கும் முன் சுதந்திரப் பாகையை ஒரு இலட்சம் என்று கொடுத்துப் பாருங்கள். 1.960 வந்தால் நீங்கள் 95 விழுக்காட்டு இருமுனை மதிப்பைக் கேட்டிருக்கிறீர்கள், 1.645 வந்தால் அது 90 விழுக்காட்டுக்கு உரியது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கான்ஃபிடன்ஸ்.டி என்ற சார்பு தருவது தீர்வுகட்ட மதிப்பை அன்று. அதைத் திட்டப்பிழையால் பெருக்கிய பிழை வரம்பை. அதை மீண்டும் திட்டப்பிழையால் பெருக்கிவிடக் கூடாது. திட்ட விலக்கத்துக்கும் எஸ்டிடெவ்.எஸ் என்ற சார்பையே எடுக்க வேண்டும். எஸ்டிடெவ்.பி எடுத்தால் ஒன்பதுக்குப் பதில் பத்தால் வகுபட்டு, மேலே கண்ட தூக்க மருந்துக் கணக்கில் 1.23 என்பது 1.17 ஆகிவிடும், தீர்வுகட்ட மதிப்பைச் சரியாக எடுத்தும் இடைவெளி சுருங்கிப் போகும்.

கேள்வி: இடைவெளி 0.70 முதல் 2.46 வரை என்று வந்தால், உண்மையான சராசரி அதற்குள் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று எழுதலாமா? எங்கள் ஆசிரியர் அதைத் தவறு என்று அடித்துவிட்டார். (யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் ஆசிரியர் அடித்தது சரியே. ஆனால் ஏன் என்பதையும் அவர் பக்கத்தில் எழுதியிருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும். நம்பிக்கை இடைவெளி என்ற கருத்தை 1930களில் வகுத்துத் தந்த யெர்சி நெய்மன், 95 விழுக்காட்டை ஒரு குறிப்பிட்ட இடைவெளியின் பண்பாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கட்டும் முறையின் பண்பாகச் சொன்னார். உண்மைச் சராசரி அசையாத ஓர் எண். கணக்கு முடிந்து எண்கள் எழுதப்பட்ட பின் 0.70உம் 2.46உம் அசையாதவை. அவற்றுக்கு நடுவில் அது இருக்கிறது அல்லது இல்லை. மாறுவது மாதிரி மட்டுமே.

காசெட் தம் முடிவைச் சரிபார்த்த விதத்தை இங்கே நினைவுபடுத்துவது பொருந்தும். மூவாயிரம் கைதிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகளை உருவாக்கினார். அந்த 750 மாதிரிகளுக்கும் நாம் ஒவ்வோர் இடைவெளி கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அளவீடுகளுக்குச் சுதந்திரப் பாகை 3, அதற்குரிய 3.182ஐக் கொண்டு கட்டினால், ஏறத்தாழ 712 இடைவெளிகள் உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்று எதிர்பார்க்கலாம். 1.96ஐக் கொண்டு கட்டினால் சுமார் 641தான் உள்ளடக்கும். 95 விழுக்காடு என்ற சொல்லுக்கு இந்த எண்ணிக்கைதான் பொருள். நம் கையில் இருக்கும் ஒற்றை இடைவெளி எந்தக் குவியலைச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. “இம்முறையில் கட்டப்படும் இடைவெளிகளில் 95 விழுக்காடு உண்மைச் சராசரியை உள்ளடக்கும், இந்த மாதிரி தந்த இடைவெளி 0.70 முதல் 2.46 வரை” என்று எழுதுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள்.

95 என்பதே ஏன் என்று இன்னொரு வாசகர் கேட்டிருப்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இருபதில் ஒன்று என்ற அளவுக்குரிய எல்லை 1.96, ஏறத்தாழ 2 என்றும், அதை வரம்பாகக் கொள்வது வசதியானது என்றும் ஃபிஷர் 1925இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வசதி என்ற சொல்லை அவரே கையாண்டிருக்கிறார். தவறினால் உயிருக்குக் கேடு என்ற இடத்தில் 99ஐ எடுப்பதும், முதற்கட்டத் தேடலில் 90ஐ எடுப்பதும் முறையே. ஆனால் எதை எடுப்பது என்பதைத் தரவுகளைப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி: கருத்துக்கணிப்புகளில் ஆயிரத்துச் சொச்சம் பேரையே கேட்கிறார்களே, அந்த எண்ணுக்கும் தீர்வுகட்ட மதிப்புக்கும் தொடர்பு உண்டா? (தஞ்சாவூர்)

பதில்: நேரடியான தொடர்பு உண்டு. விகிதம் எதுவாக இருந்தாலும் பிழை வரம்பு 3 விழுக்காட்டுப் புள்ளிகளைத் தாண்டக் கூடாது என்றால், மிகவும் பாதகமான நிலையான 0.5ஐ வைத்து, 1.96 × 0.5 ÷ 0.03 என்பதன் வர்க்கத்தைக் கண்டால் 1,067க்குச் சற்று மேல் வரும். அதாவது 1,068 பேர். 99 விழுக்காடு வேண்டும் என்று 2.576ஐப் போட்டால் 1,844 பேர் தேவைப்படுவார்கள். இது எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டுமே உரிய கணக்கு. சில ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் பலரைக் கேட்கும் முறையில் ஒரே ஊரார் ஒரே வகையில் சாய்வதால், அதே துல்லியத்துக்கு இன்னும் பலரைக் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சராசரிக்கு ± போட்டு ஒரே எண்ணால் பெருக்குகிறோம். திட்ட விலக்கத்துக்கு நம்பிக்கை இடைவெளி காண ஏன் இரண்டு வெவ்வேறு எண்கள்? (நூற்பாலை ஆய்வகப் பணியாளர், இராஜபாளையம்)

பதில்: டி வளைகோடும் இசட் வளைகோடும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் ஓர் எண்ணே இரு எல்லைக்கும் போதுமானதாகிறது. திட்ட விலக்கத்தின் வர்க்கமான மாறுபாட்டுக்கு நாம் பயன்படுத்தும் கை-வர்க்கப் பரவல் (chi-square) அப்படிப்பட்டதன்று. அது பூச்சியத்துக்குக் கீழே போகாது, வலப்புறம் நீண்டு சாயும். ஆகையால் இரு முனைகளிலும் 2.5 விழுக்காட்டை வெட்டும் இடங்களைத் தனித்தனியே தேட வேண்டும். சுதந்திரப் பாகை 9க்கு அவை 2.700, 19.023. தூக்க மருந்துக் கணக்கில் விலகல் வர்க்கங்களின் கூடுதல் 13.616. அதை 19.023ஆல் வகுத்தால் மாறுபாட்டின் கீழ் எல்லை 0.716, 2.700ஆல் வகுத்தால் மேல் எல்லை 5.043. வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.85 முதல் 2.25 வரை. பெரிய தீர்வுகட்ட மதிப்பு கீழ் எல்லையைத் தருகிறது என்பதை மறந்து மாற்றிப் போடுவதே இங்கு வழக்கமாக நேரும் பிழை; வகுப்பதால் அப்படித் திரும்புகிறது.

விடையையும் பாருங்கள். மதிப்பீடு 1.23, கீழே 0.38 தொலைவு, மேலே 1.02 தொலைவு. பத்து அளவீடுகள் சராசரியைப் பற்றிச் சொல்வதைவிடச் சிதறலைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பது இதில் தெரிகிறது. நூலின் தடிமன் மாறுபாட்டைப் பத்துத் துண்டுகளை வைத்து முடிவு செய்துவிட்டோம் என்று உங்கள் ஆய்வகத்தில் யாராவது சொன்னால், இந்த இரண்டு எல்லைகளையும் அவரிடம் காட்டுங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: சராசரிக்கான டி இடைவெளி இயல்நிலையிலிருந்து சிறிது விலகினாலும் தாங்கிக்கொள்ளும், கை-வர்க்க இடைவெளி தாங்காது. மாதிரியைப் பெரிதாக்கினாலும் அந்தக் குறை நீங்குவதில்லை.

கேள்வி: புதிய கருவியை இருபது முறை இயக்கிப் பார்த்தோம், ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. பழுதாகும் விகிதத்துக்கு இடைவெளி கண்டால் பூச்சியம் ± பூச்சியம் என்று வருகிறது. 1.96ஐ மாற்றினால் சரியாகுமா? (பொறியியல் மாணவர், சேலம்)

பதில்: ஆகாது. எந்தத் தீர்வுகட்ட மதிப்பையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியமே. குறை 1.96இல் இல்லை, அது பெருக்கும் திட்டப்பிழையில் இருக்கிறது. விகிதத்தின் திட்டப்பிழையை மாதிரி விகிதத்திலிருந்தே மதிப்பிடும் வழக்கமான சூத்திரம், பழுதே காணாத மாதிரியில் பழுதே நேராது என்று முடிவு கட்டிவிடுகிறது. 1927இல் எட்வின் வில்சன் இதற்கு ஒரு வழி சொன்னார்: மாதிரி விகிதத்தை விட்டுவிட்டு, எந்தெந்த உண்மை விகிதங்களிலிருந்து பார்த்தால் நம் மாதிரி 1.96 திட்டப்பிழைத் தொலைவுக்குள் வரும் என்று தேடுவது. அதே 1.96தான், திட்டப்பிழையை மட்டும் நாம் சோதிக்கும் விகிதத்திலிருந்து கணக்கிடுகிறோம். பழுது எண்ணிக்கை பூச்சியமாக இருக்கும்போது வில்சனின் மேல் எல்லை, 1.96இன் வர்க்கமான 3.84ஐ 20 + 3.84ஆல் வகுத்தது, அதாவது 16.1 விழுக்காடு.

கையோடு கணக்கிட இன்னொரு வழியும் உண்டு. மூன்றின் விதி என்பார்கள். ஒருமுறையும் நேராத நிகழ்வுக்கு 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் கூடிய மேல் எல்லை, 3ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. 3 ÷ 20 = 15 விழுக்காடு. துல்லியமாகக் கண்டால் 13.9 விழுக்காடு, சோதனைகள் கூடக் கூட இரண்டும் நெருங்கிவிடும். இது மேல் எல்லையை மட்டும் காணும் ஒருமுனைக் கணக்கு என்பதால், 5 விழுக்காடு முழுவதும் ஒரே பக்கத்தில் வைக்கப்படுகிறது. வில்சன் எல்லையோடு இது ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அறிக்கையில் “பழுது இல்லை” என்று எழுதாமல், “இருபது இயக்கங்களில் பழுது காணப்படவில்லை, பழுதாகும் விகிதம் 14 விழுக்காடு வரை இருக்கக்கூடும்” என்று எழுதுங்கள். 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொல்ல விரும்பினால், பழுதின்றி ஏறத்தாழ 300 முறை இயக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.